கத்தியைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்களா?

வைட்டிலாச் சந்திப்பில் விடியற்காலையில் வேலைக்குக் காத்து நிற்கும் நம்மவர் ஒருவரின் மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தகப்பனாரின் சாமான்களைச் சுமந்துகொண்டு ஒயரிங் வேலைக்குக் கூடப் போனான். ஒயரின் தோலைச் சீவும் சிறு மடக்குக் கத்தி அவன் பையிலேயே தங்கிவிட்டது. திங்கட்கிழமை பள்ளியில் பையைச் சோதித்தார்கள். கத்தி அகப்பட்டது.

மறுநாள் தகப்பனார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நின்றார். மலையாளத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். "நீங்களாகவே டி.சி. வாங்கிக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் நடவடிக்கை வரும்" என்றார்கள். அவர் கையெழுத்துப் போடாமல் தாளை வாங்கிக்கொண்டு நம் சங்கத்துக்கு வந்தார். அந்தத் தாளைப் படித்த பிறகே இதை எழுதுகிறோம்.

பள்ளிக்குள் கத்தி வேண்டாம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2018 ஜூலை 2ஆம் நாள் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் சுவரெழுத்துத் தகராறில் குத்திக் கொல்லப்பட்ட அபிமன்யு, இடுக்கி வட்டவடையைச் சேர்ந்த தமிழ் பேசும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. அவனுடைய தாய் தமிழில் அழுத அழுகையைக் கேரளமே கேட்டது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் வகுப்புத் தோழனையே அரிவாளால் வெட்டினான். ஆசிரியர்களின் பயம் பொய்யல்ல.

ஆனால் பயம் மட்டும் நியாயம் ஆகிவிடுமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனைப் பள்ளித் தோழர்கள் வீடு தேடிப் போய் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விட்டுவைக்கவில்லை. எந்தப் பையைச் சோதித்திருந்தால் அந்த அரிவாள் அகப்பட்டிருக்கும்? அதற்குப் பின்னால் நின்றது சாதி. அதைத் தேட மனம் வேண்டும். பையைக் கொட்டினால் போதாது.

நாட்டின் சட்டமே கத்தியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன கருவிகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கவில்லை. அதன் கீழ் வந்த விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் பற்றிச் சொல்லும்போதும், தொழிலுக்கான கத்தியை விலக்கியே சொல்கின்றன. பள்ளி அதைவிடக் கடுமையாக இருக்கலாம். ஆனால் என்ன கத்தி, எதற்காக வந்தது, யாரையாவது மிரட்டினானா என்ற மூன்று கேள்விகளைக்கூடக் கேட்காமல் தண்டிக்கலாமா?

கேட்காமல் தண்டித்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் பார்த்தோம். 2009இல் டெலாவேர் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன், கரண்டியும் முள்ளும் கத்தியும் ஒன்றாக மடங்கும் முகாம் சாமானைச் சாப்பிடுவதற்காகக் கொண்டுபோனான். அவனை 45 நாள் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பத் துணிந்தார்கள். ஊர் சிரித்தது, பிறகு சின்னப் பிள்ளைகளுக்கான விதியை மாற்றினார்கள். கனடாவிலோ, சீக்கிய மாணவனின் கிர்பானுக்கு அடியோடு தடை போட்டது செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. துணியில் வைத்துத் தைத்து, உடைக்குள் பத்திரமாக அணியட்டும் என்ற நிபந்தனையே போதும் என்பது அங்கே கண்ட வழி.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது, தோழர்களே! 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு அடியையும் மனத்துன்புறுத்தலையும் தடுக்கிறது. "நீங்களாகவே" என்ற சொல் ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதா? அவர்கள் நீக்க முடியாது. ஆகவே தகப்பன் கையாலேயே பிள்ளையை நீக்கப் பார்க்கிறார்கள். படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாள் அதற்கு வசதி.

நம்மையும் நாமே கேட்டுக்கொள்வோம். விடுமுறை நாளில் பிள்ளையின் தோளில் நம் தொழிலை ஏற்றுவது சரியா? கூலி போதாத குறைதான், ஆனாலும் சரியல்ல. தாய்மார்களே, இரவில் பிள்ளைகளின் பையை ஒருமுறை பாருங்கள். வேலைச் சாமான் வேலைப் பெட்டியில் இருக்கட்டும்.

பள்ளி நிர்வாகத்திடம் நாம் கேட்பது பிச்சையல்ல. பையனின் வாயால் நடந்ததைக் கேளுங்கள். தகப்பனாருக்குத் தமிழில் விளக்குங்கள். கத்தியைத் தகப்பனாரிடம் கொடுத்து எச்சரியுங்கள். பையனை வகுப்பில் உட்கார வையுங்கள். மறுத்தால் கல்வி அதிகாரியிடமும், திருவனந்தபுரத்திலுள்ள குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடமும் போவோம்.

புரியாத தாளில் எவரும் கையெழுத்துப் போடாதீர்கள். தாளை வாங்கிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். கூலி ஒரு நாள் போனால் மறுநாள் வரும். போன படிப்பு திரும்பி வராது.