பத்து வினாடிப் பட்டியல்

நம் சங்க ஆண்டிதழில் கணினித் தமிழைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுத்துரு, விசைப்பலகை, இணையம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்டுச் செல்வது வழக்கம். நான் தொடப்போவது அவற்றுக்கெல்லாம் முந்தியது. ஆய்வகக் கணினியின் பொத்தானை அழுத்தியதும், விண்டோஸ் எழுந்து வருவதற்கு முன், கருப்புத் திரையில் ஏழெட்டு வரிகள் தோன்றி மறைகின்றனவே, அந்தப் பட்டியலைச் சொல்கிறேன். அதற்குப் பூட் மெனு என்று பெயர். மாணவராக இருந்த காலத்தில் நம்மில் பலர் அதைப் படித்தே இருக்க மாட்டோம். என்டர் தட்டிவிட்டுக் கடந்து போயிருப்போம். ஆனால் ஓர் ஆய்வகத்தில் தமிழ் இருக்குமா, இருக்காதா என்பதை எந்தத் தீர்மானத்தையும்விட அந்த ஏழெட்டு வரிகளும், அவற்றின் பின்னால் சர்வரில் கிடக்கும் ஒரு கோப்பும்தான் முடிவு செய்கின்றன என்பது என் கருத்து.

கணினித் துறை சாராத நண்பர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். துறையில் உள்ள தம்பி தங்கைகள் மூன்று பத்தி தாண்டிச் செல்லலாம்.

முப்பது கணினிகள் உள்ள அறையில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து விண்டோசை நிறுவுவது ஒரு வாரக் கூலி வேலை. அதனால் ஒரே ஒரு கணினியில் மென்பொருள், அச்சுப்பொறி, எழுத்துரு எல்லாவற்றையும் சீராக அமைத்து, அதன் வன்தட்டை அப்படியே பிரதி எடுத்துச் சர்வரில் வைக்கிறார்கள். அந்தப் பிரதியை இமேஜ் என்பார்கள், தமிழில் படிமம். மற்ற இருபத்தொன்பதும் அதை வலையமைப்பின் வழியே இறக்கிக்கொள்ளும். 1990களின் நடுவில் நியூசிலாந்தில் பிறந்த கோஸ்ட் என்ற மென்பொருள் இந்த முறையைப் பரவலாக்கியது. 1998-இல் சைமன்டெக் அதை வாங்கிக்கொண்டது. இன்று பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஃபாக் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. தைவானின் அரசு ஆய்வு மையம் ஒன்றில் உருவான குளோன்சில்லாவும் இருக்கிறது.

வன்தட்டில் ஒன்றுமே இல்லாத கணினி எப்படி எழும்? அதற்குத்தான் பி.எக்ஸ்.இ. என்ற ஏற்பாடு. மின்சாரம் வந்ததும் கணினியின் வலையட்டை, "எனக்கு ஒரு முகவரி தாருங்கள்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி கூவுகிறது. டி.எச்.சி.பி. சர்வர் முகவரி கொடுக்கிறது. கூடவே, 66ஆம் எண் குறிப்பில் எந்தச் சர்வரிடம் போக வேண்டும் என்றும், 67ஆம் எண் குறிப்பில் எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறது. கணினி போய் அந்தச் சிறு கோப்பை வாங்கி ஓட்டுகிறது. அதுதான் பட்டியலைத் திரையில் விரிக்கிறது. இந்த ஏற்பாட்டின் 2.1ஆம் பதிப்பை 1999 செப்டம்பரில் வெளியிட்டது இன்டெல். அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் நம் பினாங்கில் திறந்த அதே இன்டெல்தான். பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்கு மூன்று ஷிப்டும் போய்வந்த பெற்றோரின் பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்!

ஒரு சின்னக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். படிமம் 20 ஜி.பி., கணினிகள் 20, பழைய 100 எம்.பி.பி.எஸ். சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுப்பினால் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் மல்டிகாஸ்ட் முறையில் ஊற்றினால் அரை மணிக்கும் குறைவு. நடைமுறையில் இரண்டுமே கூடுதலாகப் பிடிக்கும். ஆனாலும் ஒரு நாள் வேலை ஒரு பாடவேளை வேலையாகச் சுருங்கிவிடும். சிறு பள்ளிக்கும் இது கைக்கு எட்டும் என்று நான் துணிந்து சொல்வது இந்தக் கணக்கை நம்பித்தான்.

இனி பட்டியலுக்கு வருவோம். ஃபாக் நிறுவியதும் தானாகக் கிடைக்கும் பட்டியலில், வன்தட்டிலிருந்து தொடங்கு, நினைவகத்தைச் சோதி, கணினியை முழுமையாகப் பதிவு செய், விரைவாகப் பதிவு செய், படிமத்தை இறக்கு, மல்டிகாஸ்ட் குழுவில் சேர் என்ற வகையில் வரிகள் இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில். எழுதியவர் ஒரு தொழில்நுட்பர். தன்னைப் போன்ற இன்னொருவர் படிப்பார் என்று எண்ணி எழுதியிருக்கிறார். ஆனால் நம் பள்ளிகளில் அந்தத் திரைக்கு முன் நிற்பவர் யார்? விளையாட்டு இல்லம், சிற்றுண்டிச்சாலைக் கணக்கு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்ட அறிக்கை ஆகியவற்றோடு கணினி அறைச் சாவியையும் சேர்த்து வாங்கிக்கொண்ட ஓர் ஆசிரியை. அவருக்கு நினைவகச் சோதனை எதற்கு?

வாரக் கடைசிகளில் ஓரிரு பள்ளிகளின் கணினி அறைகளுக்கு உதவப் போகிறவன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். யாரோ ஒரு விற்பனையாளர் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன பட்டியல் அது. முதல் வரியே படிமத்தை இறக்குவது. பத்து வினாடிக்குள் எதையும் தொடாவிட்டால் அந்த வரி தானே ஓடும். கடவுச்சொல் கிடையாது. காலையில் ஆசிரியை கணினிகளைப் போட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டை எடுத்துவர அலுவலகத்துக்குப் போனார். திரும்பி வரும்போது நான்கு கணினிகள் தம்மைத் தாமே துடைத்துக்கொண்டிருந்தன. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு மாதமாகத் தட்டச்சு செய்து சேர்த்த கதைத்தொகுப்பு அதில் ஒன்றில் இருந்தது. பிரதி இல்லை. ஆசிரியைதான் திட்டு வாங்கினார். பட்டியலை எழுதியவரை யாரும் கேட்கவில்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய படிப்பு வேண்டாம். பட்டியல் என்பது வெறும் உரைக்கோப்பு; நோட்பேடு போன்ற எதிலும் திறந்து திருத்தலாம். யாரும் எதையும் தொடாவிட்டால் கணினி தன் வன்தட்டிலிருந்தே எழ வேண்டும் என்பது முதல் விதி. எதையாவது அழிக்கும் வரிக்குக் கடவுச்சொல் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஃபாக்கில் பட்டியலிலிருந்து படிமத்தை இறக்கப் போனால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பி.எக்ஸ்.இ.லினக்ஸ் கொண்டு கையால் எழுதும் பட்டியலில் அதை நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்க்க ஒரு வரி போதும். காத்திருக்கும் நேரத்தில் மட்டும் கவனம் தேவை. பி.எக்ஸ்.இ.லினக்சில் 100 என்று எழுதினால் பத்து வினாடி, ஏனென்றால் அங்கே அலகு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. ஐ.பி.எக்ஸ்.இ.யில் அதே பத்து வினாடிக்கு 10000 என்று எழுத வேண்டும், அங்கே அலகு ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் பட்டியல் கண் இமைப்பதற்குள் ஓடிவிடும்.

வரிகளுக்கு வைக்கும் பெயரும் முக்கியம். லேப்2, பைனல், நியூ, வி3 என்று கோப்பின் பெயரையே பட்டியலில் தொங்கவிடுகிறார்கள். "மாணவர் கணினி, தமிழும் மலாயும், ஒரு மணி நேரம், வன்தட்டு முழுதும் அழியும்" என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

இங்கேதான் தமிழ் உள்ளே வருகிறது. 1816-இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதைக் கொண்டே மலேசியத் தமிழ்க் கல்விக்கு 2016-இல் இருநூறு ஆண்டு கொண்டாடினோம். முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பெருமைக்குக் குறைவில்லை. ஆயினும் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒரு தமிழ்க் கட்டுரை அடிக்க வேண்டுமென்றால் என்ன நடக்கிறது? விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் இல்லை. இன்றைய விண்டோசில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, சேர்க்கத்தான் வேண்டும். சரி, சேர்த்துக்கொள்கிறோம். மறுதொடக்கத்தில் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருள் இருந்தால் மறுநாளே போய்விடும். இல்லையென்றால் அடுத்த தவணையில் புதுப் படிமம் வரும்போது போய்விடும். ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் இதே சண்டையை முதலிலிருந்து போடுகிறார்கள். மனுக்கூடக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

மனு யாரிடம் போகிறது என்பதுதான் கேள்வி. துறைத்தலைவரும் நூலகரும் மறுப்புச் சொல்லப்போவதில்லை. அவர்கள் கையில் அது இல்லை, அவ்வளவுதான். மூலக் கணினியை அமைக்கும் தொழில்நுட்பர் படிமம் எடுப்பதற்கு முன் தமிழை உள்ளே வைத்தால், அறை முழுக்கத் தமிழ். படிமம் எடுத்த பிறகு கேட்டால் எந்தக் கணினியிலும் இல்லை. அதிலும் ஒரு நுணுக்கம்: விண்டோசில் விசைப்பலகைத் தேர்வு பயனர் கணக்கோடு ஒட்டியது. நிர்வாகியின் கணக்கில் மட்டும் சேர்த்துவிட்டுப் படிமம் எடுத்தால், மாணவர் தம் கணக்கில் நுழையும்போது தமிழ் இராது. புதிய கணக்குகளெல்லாம் எதைப் பார்த்து உருவாகின்றனவோ அந்த இயல்புக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். "நாங்கள் தமிழ் போட்டோமே, வேலை செய்யவில்லையே" என்று சொல்லும் ஆய்வகங்களில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கல்.

சரி, பட்டியலையே தமிழில் காட்ட முடியுமா? ஆசை நியாயமானது, ஆனால் வழி கரடுமுரடு. அந்த நேரத்தில் விண்டோஸ் இல்லை, எழுத்தைக் கோத்துக் காட்டும் இயந்திரமும் இல்லை. யூனிகோடில் "கெ" என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னே கொண்டுவர யாராவது வேண்டும். பழைய உரைத்திரையில் அந்த யாராவது இல்லை. அங்கே 256 வடிவங்கள், எட்டுப் புள்ளி அகலக் கட்டங்கள், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், நாம் கைவிட்ட திஸ்கி குறியீடு இந்த இடத்துக்குப் பொருந்தும். அதில் கொம்பு பார்வை வரிசைப்படி முன்னாலேயே எழுதப்படும். ஆங்கிலத்தைத் தொடாமல் மேல்பாதியில் தமிழ் அடங்கிவிடும். பி.எக்ஸ்.இ.லினக்ஸ் வேறு எழுத்துருக் கோப்பை ஏற்றிக்கொள்ளவும் இடம் தருகிறது. எட்டுப் புள்ளிக்குள் ணகரத்தையும் ஞகரத்தையும் ஒடுக்குவதுதான் பாடு. பொழுதுபோக்காக யாராவது முயலலாம்.

எளிய வழி பின்னணிப் படம். ஃபாக் பட்டியலுக்குப் பின்னால் ஒரு படத்தைக் காட்டும்; அந்தப் படத்தை மாற்றலாம். அதில் தமிழை அழகாக எழுதி வைத்துவிடலாம். ஆனால் வரிக்கு நேரே வரியாகத் தமிழைப் படத்தில் எழுதுவதை நான் ஆதரிக்கவில்லை. நாளை யாராவது பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார். படத்தை மாற்ற மறந்துவிடுவார். "வன்தட்டிலிருந்து தொடங்கு" என்ற தமிழுக்கு நேராக அழிக்கும் வரி வந்து நிற்கும். படத்தில் பள்ளியின் பெயரும், "சந்தேகமிருந்தால் எதையும் தொடாதீர்கள், கணினி தானே எழும்" என்ற ஒரே வாக்கியமும் தமிழில் இருக்கட்டும். வரிகள் மலாயில் இருக்கட்டும். ஆசிரியர்கள் எல்லாருக்கும் புரியும். ஒவ்வொரு வரியின் தமிழ் விளக்கத்தையும் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிடலாம். தமிழ்ப்பற்று போதவில்லை என்று நண்பர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். வன்தட்டு அழிந்தால் அதில் உள்ள தமிழும் சேர்ந்துதானே அழிகிறது என்றேன்.

இன்னொரு மறுப்பும் உண்டு: "எல்லாரும் கைப்பேசியில் தமிழ் அடிக்கிறார்கள், ஆய்வகம் எதற்கு?" கைப்பேசியில் வாழ்த்துச் செய்தி அடிக்கலாம். நாற்பது பக்க ஆய்வேட்டை அடித்துப் பாருங்கள், தெரியும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்குப் பள்ளி அறையில் உள்ளதுதான் கணினி. அதில் தமிழ் இல்லையென்றால் தமிழ் கணினிக்கு உரியதல்ல என்றே அந்தப் பிள்ளை எண்ணிக்கொள்ளும்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நம் சங்கத்தில் கணினித் துறை மாணவர்கள் ஆண்டுதோறும் சேர்கிறார்கள். பள்ளிக்கு இருவர் என்று போனால் போதும். ஒதுக்கித் தள்ளிய ஒரு மேசைக்கணினி சர்வராகும். எட்டு வாயில் சுவிட்ச் ஒன்றும் நான்கைந்து கேபிளும் பையில் அடங்கும். பள்ளியின் டி.எச்.சி.பி. சர்வரோடு மோதாமல் தனிச் சுவிட்சில் வைத்து முதலில் சோதியுங்கள். பழைய பயாஸ் கணினிக்கும் புதிய யூ.இ.எஃப்.ஐ. கணினிக்கும் கொடுக்க வேண்டிய தொடக்கக் கோப்பு வேறு வேறு. நம் பள்ளிகளில் இரண்டும் கலந்தே கிடக்கும். புதியவற்றில் செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாத கோப்பை ஏற்காது. விண்டோஸ் உரிமம் பற்றித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகுமுன் அந்தப் பள்ளியின் கணினிப் பொறுப்பாசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்த படிமம் எந்தத் தேதியில் எடுக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை போக வேண்டும். மறுநாள் போனால், பலகாரம் கொடுத்து உபசரித்து, அடுத்த ஆண்டு வரச் சொல்வார்கள்.