கேள்விப் பெட்டி நடுத்திரையில் வேண்டாம்

கணினி நம்மிடம் எதையாவது கேட்டால், அந்த உரையாடல் பெட்டி திரையின் நட்டநடுவில் வர வேண்டும், அப்போதுதான் கண்ணில் படும் என்கிறார்கள். கேமரன் மலையில் கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செக்ரோலை, அதாவது தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேட்டை, கணினியில் ஏற்றும் கிராணி நான். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

கண்ணில் படுகிறது, சரி. எதை மறைத்துக்கொண்டு? ஒருநாள் சாயங்காலம் கொழுந்து எடையைப் பதிந்துகொண்டிருந்தேன். இரண்டு முறை ஏறிவிட்ட 38 கிலோவை அழிக்கப் போனேன். ‘நீக்கவா? ஆம், இல்லை’ என்று நடுவில் பெட்டி வந்து, நான் தொட்ட வரியையே மூடிவிட்டது. ‘ஆம்’ என்றேன். போனது அடுத்த வரி. சம்பளத்தன்று ஓர் அம்மா வந்து, “கிராணி ஐயா, அன்னிக்கு நான் மலைக்குப் போனேனே?” என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. புத்தகத்தில் எழுதிய காலத்தில் பெரிய கிராணி அழிக்க வேண்டிய வரிக்கு அடியில் விரலை வைத்து “இதுதானே?” என்பார். பெயரும் கிலோவும் கண்முன்னே இருக்கும்.

ஒரே இடத்தில் வந்தால் பழகிவிடும் என்பது அடுத்த வாதம். பழகுவது கைதான். சேமிக்கவா என்பதற்கும் அழிக்கவா என்பதற்கும் ஒரே இடமென்றால், கண் படிக்குமுன் விரல் அழுத்திவிடுகிறது.

2001இல் வந்த ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ், எந்த ஆவணத்தைப் பற்றிய கேள்வியோ அந்தச் சாளரத்தின் தலைப்புப் பட்டையிலிருந்தே பெட்டியை இறக்கியது. நான்கு ஆவணம் திறந்திருந்தாலும் எதைச் சேமிக்கச் சொல்கிறது என்ற குழப்பமில்லை. 2011இல் லினக்ஸ் கணினிகளுக்கான க்னோம் 3-உம் பெட்டியைச் சாளரத்தோடு ஒட்டிவைத்தது. 2020இல் ஆப்பிளே நடுவுக்குத் திரும்பிவிட்டதே என்பார்கள். திரும்பியது அந்தச் சாளரத்தின் நடுவுக்கு, திரையின் நடுவுக்கு அல்ல.

சுட்டி எங்கிருந்தாலும் நடு அருகில்தான் என்பதும் சரியில்லை. இலக்கு தள்ளிப் போகப் போகக் கை போய்ச்சேர நேரமாகும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இலேயே அளந்து காட்டினார். என் சுட்டி நிற்பது நான் தொட்ட வரியில். கைப்பேசியிலோ கட்டைவிரலுக்கு எட்டுவது திரையின் அடிப்பகுதி. ஒரு கையில் கொழுந்துச் சாக்கைப் பிடித்துக்கொண்டு எடை பதிகிற மண்டோரைக் கேட்டுப் பாருங்கள்.

மின்சாரம் போய், யுபிஎஸ் இன்னும் சில நிமிடம்தான் தாங்கும் என்று சொல்லும் பெட்டி நடுத்திரையில் வரட்டும். அது எவருடைய வரியையும் பற்றியதல்ல. செக்ரோலில் அழிக்கும்போது மட்டும், அந்த வரிக்கு அடியிலேயே, பெயரைச் சொல்லி, ‘இவருடைய 38 கிலோவை நீக்கவா?’ என்று கேட்கட்டும்.