குருத்தெலும்பு எங்கே வளர்ந்தது, டாக்டர்?

‘கத்தியின்றி முட்டியைக் காப்போம்’ என்று சென்ற இதழில் எழுதிய மருத்துவர் பெரிய சாட்சியாக நிறுத்தியிருப்பது இரண்டு எக்ஸ்ரே படங்களை. தேய்ந்த முட்டிக்கு அவர் போடும் ஊசிக்கு முன் எலும்புகள் ஒட்டிக் கிடக்கின்றன. பின்பு இடைவெளி தெரிகிறது. குருத்தெலும்பு வளர்ந்துவிட்டதாம். படங்களை உற்றுப் பாருங்கள். காலின் வெளிப்புறச் சிற்றெலும்பின் தலை முதல் படத்தில் பாதி மறைந்திருக்கிறது, இரண்டாவதில் முக்கால்வாசி வெளியே நிற்கிறது. அதாவது காலைத் திருப்பி வைத்து எடுத்திருக்கிறார்கள். நிற்க வைத்து எடுத்தால் உடல் எடை இறங்கி இடைவெளி குறுகும், படுக்க வைத்தால் அகலும். எப்படி எடுத்தது என்று ஒரு வரி இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, வெறும் இடைவெளிதான் தெரியும் என்பது எம்.பி.பி.எஸ். மாணவருக்கே தெரிந்த விஷயம்.

அடுத்த சாட்சி, ‘என்னிடம் வந்த பத்தில் எட்டுப் பேருக்கு வலி குறைந்தது.’ குறைந்திருக்கும், யார் இல்லையென்றார்? மூட்டுவலி ஏறி இறங்கும் வலி. ஏறின வாரத்தில்தான் டாக்டரிடம் ஓடுகிறோம், பிறகு பலருக்குத் தானாகவே இறங்குகிறது. போதாததற்கு, கையில் ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, மஞ்சளாகத் தெளிந்த தட்டணுக் கரைசலை (அதுதான் பி.ஆர்.பி.) முட்டிக்குள் ஏற்றும் சடங்கு வேறு. இதையெல்லாம் கழித்துப் பார்க்கத்தான் ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 2021-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவுக்கு பி.ஆர்.பி., மறு பிரிவுக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்து பி.ஆர்.பி. பிரிவில் வலி சராசரியாக 2.1 புள்ளி குறைந்திருந்தது. உப்புநீர்ப் பிரிவில் 1.8. எம்.ஆர்.ஐ.யில் அளந்த குருத்தெலும்போ இரு பிரிவிலும் தேய்ந்தேதான் இருந்தது: 1.4 சதவீதம், 1.2 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

‘செயற்கை மூட்டுக் கம்பெனிகளின் சதி’ என்பார். அந்தச் சோதனைக்குப் பணம் தந்தது ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம்.

‘நம் ரத்தம்தானே, ஆபத்து ஏது?’ என்று தொடங்குபவர், அடுத்த பத்தியிலேயே சத்தமில்லாமல் தொப்புள்கொடி ஸ்டெம் செல்லுக்குத் தாவிவிடுகிறார். அது யார் ரத்தம்? 2018-இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத் தயாரிப்பை ஊசியாகப் போட்டுக்கொண்ட 12 பேர் பாக்டீரியா தொற்றோடு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். பலன்? எலும்புமஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி மூன்றிலிருந்தும் எடுத்த செல்களைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. ஓராண்டு முடிவில் மூன்றில் ஒன்றுகூட ஸ்டீராய்டை முந்தவில்லை.

‘இந்திய அரசே அனுமதித்துவிட்டது’ என்ற வரிதான் எனக்கு உண்மையிலேயே கோபம் மூட்டியது. 2022-இல் அனுமதி கிடைத்தது பெங்களூரு நிறுவனம் ஒன்று தயாரிக்கும் குறிப்பிட்ட ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு. கிளினிக்கின் பின்னறையில் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, அன்றைக்கே கலக்கி முட்டியில் ஏற்றுவதற்கு அந்த அனுமதி எப்படிப் பொருந்தும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல், ரத்தநோய் போன்றவற்றுக்கான எலும்புமஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, சோதனைக்கு வெளியே ஸ்டெம் செல் சிகிச்சை கூடாது என்கிறது. அதை அவர் படித்திருக்க மாட்டார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரை முழுக்க வாசகர் முன்னால் இரண்டே வழிகள்: கத்தி, இல்லையேல் ஊசி. முட்டி தேய்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இன்றைய நிலையில் இரண்டுமே தேவையில்லை. தொடைத் தசைக்குப் பயிற்சி, கூடுதல் எடையைக் குறைப்பது: அமெரிக்க வாதநோய் மருத்துவர் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் அழுத்திச் சொல்வது இவற்றைத்தான். பி.ஆர்.பி., ஸ்டெம் செல் இரண்டையும் வேண்டாம் என்று அதே அழுத்தத்தோடு சொல்வதும் அதுதான். நான்கு பக்கக் கட்டுரையில் உடற்பயிற்சி ஒரே இடத்தில் வருகிறது, ‘அதற்கெல்லாம் நேரமில்லாதவர்களுக்கு’ என்று. இந்த ஊசிகளுக்கு எவ்வளவு ஆகும் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.