அளவுகோலை மாற்றிவிட்டு ஒப்பிடலாமா?

ஒலியியல் ஆய்வேடுகளில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. மூன்று பேச்சாளர் குழுக்களுக்கு மூன்று நிகழ்வுச் செவ்வகப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் தானாக வகுத்த வெவ்வேறு பிரிவு இடைவெளிகள். கீழே, "பரவல்கள் வேறுபடுகின்றன" என்றொரு வரி. வேறுபடுவது பரவலா, பிரிவு இடைவெளியா என்று வாய்மொழித் தேர்வில்கூட எவரும் கேட்பதில்லை.

வி.ஓ.டி. அளவீட்டையே பார்க்கலாம். அடைப்பொலி வெடிப்பதற்கும் குரல்நாண் அதிர்வு தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலம் அது. லிஸ்கரும் ஆப்ரம்சனும் 1964இல் தமிழ், இந்தி, மராத்தி உள்ளிட்ட 11 மொழிகளை ஒப்பிட்டது இதைக் கொண்டுதான். அதிர்வு முந்தினால் எதிர்மதிப்பு, பிந்தினால் நேர்மதிப்பு. ஆகவே சுழியம் இங்கே வெறும் எண்ணன்று, ஒலிப்பின் எல்லை. மேட்பிளாட்லிப் நிரலோ, வேறு கட்டளை இல்லையெனில், சிறும மதிப்புக்கும் பெரும மதிப்புக்கும் இடையே 10 சமகூறு போடும். ஒரு குழுவின் தரவு −120 முதல் 80 மில்லிவினாடி வரை எனில் பிரிவின் அகலம் 20. சுழியம் தற்செயலாக விளிம்பில் அமைகிறது. இன்னொரு குழு −95 முதல் 55 வரை எனில் அகலம் 15. −5 முதல் 10 வரை ஒரே செவ்வகம். முந்திய அதிர்வும் பிந்திய அதிர்வும் ஒரே கூடையில்! இரு குழுவிலும் ஒரே செறிவில் திரண்ட ஒலிகள்கூட முதற்படத்தில் மூன்றிலொரு பங்கு கூடுதல் உயரம் காட்டும். வரைபடத்தாளில் கையால் வரைந்த காலத்தில் இந்தக் கூத்துக்கு இடமில்லை.

ஒவ்வொரு குழுவுக்கும் உகந்த அகலத்தை ஃப்ரீட்மன்–டயகோனிஸ் விதி தருகிறதே என்பார்கள். தனித்த ஒரு குழுவை ஆராய அது நல்ல விதி. ஆனால் கால்மான வீச்சு ஒன்றாகவே இருந்தாலும், எட்டு மடங்கு ஒலிகள் பதிவான குழுவுக்கு அது பாதி அகலமே கொடுக்கும். பெருமொழியினரிடம் பதிவுகள் குவிந்திருக்கும். சிறுபான்மை மொழியினரிடம் களப்பணிக்குக் கிடைத்த சில நாட்களின் பதிவே இருக்கும். அவர்களுக்கு அகன்ற பிரிவுகள் வாய்க்கின்றன, இரு முகடுகள் ஒன்றாகக் கரைகின்றன, "இச்சமூகத்தில் ஒலிப்பு வேறுபாடு மங்குகிறது" என்று ஆய்வேடு தீர்ப்பெழுதுகிறது. பதிவின் பற்றாக்குறை பேச்சாளரின் குறையாகிவிடுகிறது. அடுத்து வருபவர் அதையே மேற்கோள் காட்டுகிறார்.

மாற்றுவழி கடினமானதன்று. எல்லாக் குழுக்களின் மதிப்புகளையும் சேர்த்துப் பார்த்து, சுழியத்தை விளிம்பாக வைத்து, 10 மில்லிவினாடி போல ஒரே அகலத்தை அனைவருக்கும் விதிக்கலாம். ஒலிகளின் எண்ணிக்கை சமமில்லையெனில் நிகழ்வெண்ணுக்குப் பதில் அடர்த்தியை வரையலாம். பதிவு குறைந்த குழுவின் படம் அப்போது கரடுமுரடாகத்தான் தெரியும். தெரியட்டும், எத்தனை ஒலிகள், எவ்வளவு அகலம் என்பதைப் படத்தின் அடியிலேயே எழுதிவிட்டால் போதும்.