எதிர்வரிசை இல்லாத அவை

நாகாலாந்து 1963 டிசம்பர் 1 அன்று தனி மாநிலமாயிற்று. அதன் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் 1964-இல் நடந்தது. அன்றிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த அவைக்கு ஒரு பெண்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 2023 மார்ச் 2 அன்று வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டபோதுதான் அந்தக் குறை நீங்கியது. திமாப்பூர் மூன்றாம் தொகுதியில் ஹெகானி ஜக்காலு 1,536 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். மேற்கு அங்காமி தொகுதியில் சல்ஹோதுவோனுவோ குரூஸ் 7 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். ஒரே ஒரு வீட்டார் மனம் மாறியிருந்தால் அந்த முடிவும் மாறியிருக்கும். தனியொரு வாக்குக்கு எத்துணை வலிமை உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மகிழத்தக்க அந்த வெற்றியை அடுத்து, வருந்தத்தக்க செயலொன்றும் நிகழ்ந்தது. மார்ச் 7 அன்று புதிய அரசு பதவியேற்றதை ஒட்டி, ஆளும் அணிக்கு வெளியே வென்ற கட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த அணிக்கே ஆதரவு தெரிவித்தன. அறுபது உறுப்பினர் கொண்ட அவையில் அரசுக்கு எதிரே அமர எவரும் இல்லாமற் போயினர். நாகாலாந்து மக்கள் வரிசையில் நின்று வாக்களித்து முழுமையான ஒரு சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது கேட்கும் பகுதி நீங்கலாக ஆளும் பகுதி மட்டுமே.

தேர்தல் கணக்கைச் சற்று உற்று நோக்குவோம். நெய்பியூ ரியோ தலைமை தாங்கிய தேசியவாத ஜனநாயக முற்போக்குக் கட்சி 40 தொகுதிகளிலும் பாரதிய ஜனதா கட்சி 20 தொகுதிகளிலும் உடன்பாடு கண்டு போட்டியிட்டன. முன்னது 25 இடங்களையும் பின்னது 12 இடங்களையும் பெற்றன. ஆட்சி அமைக்கத் தேவை 31. அணிக்குக் கிடைத்ததோ 37. எஞ்சிய 23 இடங்களைத் தேசியவாத காங்கிரஸ் 7, தேசிய மக்கள் கட்சி 5, நாகா மக்கள் முன்னணி 2, லோக் ஜனசக்தியின் ராம்விலாஸ் பிரிவு 2, இந்தியக் குடியரசுக் கட்சியின் அதாவலே பிரிவு 2, ஐக்கிய ஜனதா தளம் 1, சுயேச்சைகள் 4 என்று பகிர்ந்துகொண்டனர். ஒரு காலத்தில் மாநிலத்தை ஆண்ட காங்கிரஸ், 2018-ஐப் போலவே ஓரிடமும் பெறவில்லை.

இந்த 23 பேரின் துணை அரசுக்கு எவ்வகையிலும் தேவைப்படவில்லை. கவிழும் நிலையில் உள்ள அரசைக் காக்க மாற்றார் கைகொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கலாம். உறுதியான பெரும்பான்மையோடு அமையும் அரசிடம் அனைவரும் அடைக்கலம் புகுவதற்கு என்ன நியாயம்? ஐக்கிய ஜனதா தளத்தின் தேசியத் தலைமை, தன்னைக் கேளாமல் ஆதரவு அளித்ததற்காக மாநிலக் கிளையையே கலைத்தது. தேசியவாத காங்கிரசின் தலைமையோ உறுப்பினர்களின் விருப்பத்துக்கு இசைந்தது. ஆளும் அணியை எதிர்த்துக் களத்தில் நின்றவர்களுக்கு விழுந்த வாக்குகள், வாக்களித்தவர்களைக் கேளாமலேயே அந்த அணியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டன.

இந்த வழக்கம் நாகாலாந்துக்குப் புதிதன்று. 2015-இலும் எதிர்க்கட்சி இல்லாத அவையை அந்த மாநிலம் கண்டது. 2021-இல் அனைத்துக் கட்சி அரசு ஒன்று முறையாக அமைக்கப்பட்டது. 2018 தேர்தலில் தனிப்பெருங்கட்சியாக வந்த நாகா மக்கள் முன்னணியின் 25 உறுப்பினர்களில் 21 பேர் 2022 ஏப்ரலில் ஆளும் கட்சியோடு இணைந்தனர். அடுத்த தேர்தலில் அக்கட்சிக்கு எஞ்சியவை இரண்டே இடங்கள். 2023-இல் வென்ற தேசியவாத காங்கிரசின் எழுவரும் 2025-இல் ரியோவின் கட்சியோடு இணைந்துவிட்டார்கள். எதிர்த்து நிற்பவர் தேய்வதும் சேர்ந்து நிற்பவர் வளர்வதும் அங்கு அரசியல் நியதியாகவே ஆகிவிட்டன.

இதற்குச் சொல்லப்படும் காரணங்களை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. நாகர் அரசியல் சிக்கல் நாட்டின் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்று. 1997-இல் ஒன்றிய அரசுக்கும் ஆயுதமேந்திய நாகர் அமைப்புக்கும் இடையே போர் நிறுத்தம் வந்தது. 2015 ஆகஸ்ட் 3 அன்று கட்டமைப்பு உடன்பாடு கையெழுத்தாயிற்று. இறுதித் தீர்வு இன்னும் கைகூடவில்லை. தில்லியிடம் ஒரே குரலில் பேச வேண்டும், ஆதலால் பிளவு கூடாது என்பது அக்கட்சிகளின் வாதம். மாநிலத்தின் வருவாயில் பெரும்பகுதி ஒன்றிய அரசிடமிருந்து வருவதால், ஆளும் தரப்பில் இல்லாத உறுப்பினரின் தொகுதிக்குச் சாலையும் பாலமும் வந்து சேரா என்ற அச்சமும் உண்டு. ஊரார் கூடி ஒருமித்து முடிவெடுப்பது நாகர் கிராமங்களின் நெடுநாள் மரபு என்பதும் உண்மையே.

ஆயினும் இக்காரணங்கள் எதிர்வரிசையே வேண்டா என்ற முடிவுக்கு இட்டுச் செல்லவில்லை. நாகர் அமைதித் தீர்வு குறித்து எல்லாக் கட்சிகளும் ஒன்றுபட்டு நிற்கலாம், நிற்கவும் வேண்டும். அதற்கென அவையில் அனைத்துக் கட்சிக் குழு அமைத்துக்கொள்ளலாம். ஆனால் சாலைப்பணிக்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று, ஆசிரியர் நியமனம் எந்த முறையில் நடந்தது, மருத்துவமனையில் மருந்து ஏன் இல்லை என்ற கேள்விகளுக்கும் அமைதிப் பேச்சுக்கும் என்ன தொடர்பு? ஒன்றில் வேண்டிய ஒற்றுமையைக் காட்டி எல்லாவற்றிலும் வாய்மூடி இருப்பது எந்த மரபிலும் சேராது. கிராமத்துப் பெரியோர் ஒருமித்து முடிவெடுப்பதும் மாறுபட்ட கருத்துகளையெல்லாம் மன்றில் கேட்டு முடித்த பிறகுதான்.

எதிர்க்கட்சி என்பது கூச்சலிட்டு வெளிநடப்புச் செய்யும் கூட்டம் என்று எண்ணுவோர் உளர். அதன் பணியை அருகிருந்து பார்த்தால் அவ்வாறு எண்ண மாட்டார்கள். அரசின் செலவைத் தணிக்கைத் துறைத் தலைவர் ஆராய்ந்து அறிக்கை அளிக்கிறார். அந்த அறிக்கை பொதுக் கணக்குக் குழுவின் மேசைக்கு வருகிறது. துறைச் செயலரை எதிரே அமர்த்தி, பத்தி பத்தியாக விளக்கம் கேட்பது அக்குழுவின் வேலை. அதனாலேயே அக்குழுவின் தலைமையை எதிர்க்கட்சி உறுப்பினருக்கு அளிக்கும் மரபை நாடாளுமன்றம் 1967 முதல் போற்றி வருகிறது. எதிர்க்கட்சியே இல்லாத அவையில் அந்த நாற்காலியில் யார் அமர்ந்தாலும் தம் அணியின் செலவையே தாம் ஆராய வேண்டியவர் ஆகிறார்.

சிறிய மாநிலங்களில் முதலமைச்சரையும் சேர்த்து 12 பேருக்கு மேல் அமைச்சராக முடியாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 91-ஆவது திருத்தம் வரம்பு கட்டியது. நாகாலாந்தின் தலைநகரான கோஹிமாவில் அந்த வரம்பைத் தாண்டிச் செல்ல ஆலோசகர் என்னும் பதவி வழி செய்கிறது. அமைச்சரல்லாத உறுப்பினர்களுக்கு ஏதேனும் ஒரு துறையின் ஆலோசகர் பொறுப்பு வழங்கப்படுகிறது. துறையின் வினையில் பங்கு கொண்டவர் அத்துறையின் பிழையைக் கேள்வி நேரத்தில் எழுந்து கேட்பாரா? கேட்டாலும் அக்கேள்விக்குக் கூர்மை இருக்குமா?

இவையெல்லாம் வெறும் அச்சங்கள் என்று சொல்வார்க்கு, 2023 மார்ச் மாதமே விடை தந்துவிட்டது. நகராட்சி அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் விதித்துப் பல்லாண்டுகள் கடந்துவிட்டன. நாகாலாந்தின் 2001-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தில் அந்த விதி 2006-இல் இடம்பெற்றது. பழங்குடி அமைப்புகள் அதனைக் கடுமையாக எதிர்த்தன. மரபையும் நிலவுரிமையையும் காக்கும் 371-அ பிரிவுக்கு அது முரண் என்றும், நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வரி கூடாது என்றும் வாதிட்டன. 2017-இல் போராட்டம் வெடித்து உயிர்கள் பலியாயின. கோஹிமாவில் நகராட்சி அலுவலகம் தீக்கிரையாயிற்று. அன்றைய முதலமைச்சர் பதவி விலகினார். 2004-க்குப் பின் நகராட்சித் தேர்தலே நடைபெறவில்லை.

உச்சநீதிமன்றம் தொடர்ந்து வற்புறுத்தியதால், 2023 மே 16 அன்று தேர்தல் நடத்த மாநிலம் ஒப்புக்கொண்டது. அதற்குள் பழங்குடி அமைப்புகளின் நெருக்குதல் மீண்டும் வலுத்தது. மார்ச் 28 அன்று அந்த நகராட்சிச் சட்டத்தையே சட்டமன்றம் நீக்கிவிட்டது. மறுநாளுக்கு மறுநாள் தேர்தல் அறிவிப்பும் கைவிடப்பட்டது. முதன்முதலாக இரு பெண்களை ஏற்ற அவை, நான்கு வாரம் கடப்பதற்குள், ஊர்தோறும் பெண்கள் மன்றம் ஏறும் வழியை அடைத்த கொடுமை இது. வென்ற இருவரும் ஆளும் கட்சியினர். கட்சியின் முடிவுக்கு எதிராகத் தனித்து நின்றிருக்க வேண்டும் என்று புதியவர்களான அவர்களைக் குறை கூறுவது அறமாகாது. எழுந்து நின்று மறுத்துரைக்கும் கடமை எதிர்வரிசைக்கு உரியது. அந்த வரிசையே அங்கு இல்லை.

கேட்க வேண்டிய கேள்வியை இறுதியில் நீதிமன்றம் கேட்டது. ஏப்ரல் 5 அன்று தேர்தலைக் கைவிட்ட அறிவிப்புக்கு உச்சநீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் அரசு பழங்குடி அமைப்புகளோடு அமர்ந்து பேசியது. நவம்பரில் புதிய நகராட்சிச் சட்டம் வந்தது. நிலம், கட்டடம் மீதான வரி அதில் இல்லை. தலைவர் பதவிக்கு ஒதுக்கீடும் இல்லை. உறுப்பினர் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு நிலைத்தது. 2024 ஜூன் 26 அன்று, இருபது ஆண்டுகளுக்குப் பின், தேர்தல் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் உறுப்பினராயினர். பேசித் தீர்க்கக்கூடிய சிக்கல்தான் இது என்பதை அந்த உடன்பாடே காட்டிற்று. சட்டமன்றத்திலேயே வாதும் எதிர்வாதும் நிகழ்ந்திருந்தால் இந்த முடிவை முன்னரே எட்டியிருக்கலாம். மக்களாட்சியின் வேலையை நீதிமன்றம் செய்ய நேர்ந்திராது.

நாகர் பெண்கள் பொதுவாழ்வுக்குப் புதியவர்கள் அல்லர். ரானோ ஷைசா 1977-லேயே மக்களவைக்குச் சென்றார். 1984-இல் தோன்றிய நாகா அன்னையர் சங்கம், துப்பாக்கி ஏந்திய குழுக்களிடம் நேரில் சென்று குருதி சிந்துவதை நிறுத்துமாறு மன்றாடியது. அமைதிக்காகக் காடு மலை கடந்து நடக்கப் பெண்கள் வேண்டும், ஆட்சி செய்யும் அவையில் மட்டும் வேண்டா என்பது எத்தகைய நீதி? 2023 தேர்தலில் 183 வேட்பாளர்களில் பெண்கள் நால்வரே. நால்வரில் இருவரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். வாக்காளர் தயங்கவில்லை, வாய்ப்பளிக்கத் தயங்கியவை கட்சிகளே.

அவைக்குள் ஒலிக்க வேண்டிய குரல் அடங்கினால் அது அழிந்துவிடுவதில்லை. வேறு வழி தேடும். கிழக்கு நாகாலாந்தின் ஆறு மாவட்டங்கள் தமக்குத் தனி ஆட்சி அமைப்பு வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வந்தன. வளர்ச்சியில் புறக்கணிக்கப்பட்டோம் என்பது அவர்தம் மனக்குறை. அறுபதில் இருபது உறுப்பினர்களை அனுப்பும் பகுதி அது. அந்த இருபதின்மரும் ஆளும் தரப்பிலேயே இருந்தார்கள். 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் அங்கு வாக்குச்சாவடிகள் திறந்திருந்தன. அலுவலர்கள் காலை முதல் காத்திருந்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களில் ஏறத்தாழ ஒருவரும் வரவில்லை. தனி ஆட்சி அமைப்பு குறித்துத் தில்லி அளித்த வாக்குறுதி நிறைவேறாததே அந்தப் புறக்கணிப்புக்கு முதற்காரணம். ஆயினும் இருபது உறுப்பினர் இருந்தும், தம் குறையைச் சொல்ல வாக்குச்சாவடியைப் புறக்கணிப்பதே வழி என்று ஒரு மக்கள் கூட்டம் முடிவுசெய்தது ஏன் என்று கோஹிமா தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை பல இருப்பினும் மூன்றை வலியுறுத்துகிறோம். முதலாவதாக, அரசில் எப்பதவியும் ஏற்காத உறுப்பினருக்கே பொதுக் கணக்குக் குழுவின் தலைமை என்று அவை விதி செய்ய வேண்டும். ஆலோசகர் பதவியும் அந்த விலக்கில் அடங்க வேண்டும். இரண்டாவதாக, மூன்றில் இரு பங்கினர் சேர்ந்து தாவினால் குற்றமில்லை என்று கட்சித் தாவல் தடைச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வாயிலை நாடாளுமன்றம் அடைக்க வேண்டும். ஒருவர் செய்தால் தவறு, எழுவர் கூடிச் செய்தால் இணைப்பு என்பது சட்டத்துக்கு அழகாகாது. மூன்றாவதாக, மலைமாநிலங்களுக்கான நிதி, ஆட்சியிலிருப்போரின் அணிவகுப்பைப் பொறுத்துக் கூடவோ குறையவோ மாட்டாது என்ற உறுதியை ஒன்றிய அரசு செயலில் காட்ட வேண்டும். அந்த அச்சம் நீங்காதவரை எதிரே அமரும் துணிவு எவருக்கும் வாராது.

இவற்றுக்கெல்லாம் மேலான மருந்து வாக்காளரிடமே உள்ளது. 2028-இல் கட்சிகள் மீண்டும் வாசல்தோறும் வரும். வென்றால் என்ன செய்வீர் என்று வேட்பாளரைக் கேட்பது வழக்கம். உங்கள் அணி தோற்றால் எங்கே அமர்வீர் என்ற கேள்வியையும் இம்முறை சேர்த்துக் கேளுங்கள். எதிரே அமர்ந்து கணக்குக் கேட்பேன் என்று ஊரறிய உறுதி சொல்லாதவர் எந்தக் கட்சியினராயினும் அவருக்கு வாக்களிக்காதீர்கள்.