மருத்துவர் வாயிலிருந்து வரும் சொல்

"அப்பாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். கேட்டால் தாங்கமாட்டார்."

நம் நாட்டு மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் எவரும் இவ்வேண்டுகோளைக் கேளாதிருந்திருக்க முடியாது. கூறுபவர் பெரும்பாலும் மூத்த மகனாக இருப்பார். சில வேளைகளில் மருமகனாகவோ தம்பியாகவோ இருப்பார். தந்தையை வெளியே பெஞ்சில் அமர்த்திவிட்டு, சதைப் பரிசோதனையின் முடிவு அடங்கிய உறையுடன் தாம் மட்டும் உள்ளே வருகின்றனர். பத்து நிமிடங்கள் பேச்சு நடைபெறுகிறது. வெளியே இருப்பவரோ சாத்திய கதவையே நோக்கியவண்ணம் அமர்ந்திருக்கிறார். தமக்கு வந்திருப்பது சாதாரண நோயன்று என்பதை அக்கதவே அவருக்குப் பாதி உணர்த்திவிடுகிறது.

இவ்வழக்கம் நமக்கு மட்டுமே உரியதென்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் சிக்காகோ நகர மருத்துவமனை ஒன்றில் 219 மருத்துவர்களிடம் கேட்டு 1961-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், புற்றுநோயை நோயாளியிடம் கூறாதிருப்பதே தங்கள் வழக்கம் என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தெரிவித்தனர். அதே வினாக்களை வேறொரு மருத்துவமனையில் கேட்டு 1979-இல் வெளியிட்டபோது, கூறிவிடுவதே வழக்கம் என்றவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர்! இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் சிகிச்சை முறைகள் வளர்ந்தன. தம் உடலைப் பற்றி அறியும் உரிமை தமக்கு உண்டென்ற எண்ணமும் மக்களிடையே வேரூன்றியது. மரணப் படுக்கையில் இருப்போரின் அருகே அமர்ந்து அவர்கள் கூறியவற்றைக் கேட்டெழுதிய எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்னும் மனநல மருத்துவரின் நூல் 1969-இல் வெளிவந்தது. எவரும் வாய்திறந்து கூறாவிடினும் நோயாளிகள் தம் நிலையை உணர்ந்தே இருந்தனர் என்பதை அவர் கண்டார்.

நம் நாட்டில் இந்திய மருத்துவக் கழகம் 2002-இல் வகுத்த ஒழுக்க விதிகளும் இதைத் தொடுகின்றன. மருத்துவர் நோயின் கடுமையைக் கூட்டியும் கூறலாகாது, குறைத்தும் கூறலாகாது என்கின்றன. ஆயின், நோயாளியோ, அவருடைய உறவினரோ, பொறுப்புள்ள நண்பரோ நிலைமையை அறிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவற்றின் அடுத்த வாக்கு. அந்த 'ஓ'காரத்தின் இடுக்கில்தான் நம் மூத்த மகன் நின்றுகொண்டிருக்கிறார்.

அவரை மருத்துவர் எவ்வாறு எதிர்கொள்வது? "சொல்லத்தான் வேண்டும், அது உங்கள் தந்தையின் உரிமை" என்று சட்டம் பேசுவோர் உண்டு. "சரி, சொல்லவில்லை" என்று எளிதாக விட்டுவிடுவோர் அவர்களினும் மிகுதி. நமக்கு இவ்விரண்டும் உகந்தவையாகத் தோன்றவில்லை. மகனின் வேண்டுகோளுக்கு அடியில் இருப்பது அன்பு. அதனோடு கலந்த அச்சம். ஆதலால் அனுபவமுள்ள மருத்துவர் வாதாடுவதில்லை. "சொன்னால் என்ன ஆகிவிடுமென்று அஞ்சுகிறீர்கள், தம்பி?" என்று வினவுகிறார். அப்பா உணவைத் தள்ளிவிடுவார், சிகிச்சையே வேண்டாமென்பார் என்று பதில் வரும். அடுத்து, "இதை மறைத்து நடமாடுவது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்கும்போதுதான், அதுவரை உறுதியாகப் பேசிய மகனின் குரல் தழுதழுக்கும். எத்தனை நாட்களாக அவர் தந்தையின் முகத்தை நேரே பாராமல் மருந்து கொடுத்து வந்திருக்கிறார்! பின்னர் மருத்துவர் ஓர் உடன்பாட்டிற்கு வருகிறார்: "நானாக அவர்மீது எதையும் திணிக்கமாட்டேன். அவருக்கு எவ்வளவு தெரியும், இன்னும் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று மட்டும் கேட்கிறேன். ஆனால் அவரே நேராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன்." பெரும்பாலான மகன்கள் இதற்கு இசைந்துவிடுகின்றனர்.

இனித் தந்தையிடம் வருவோம். ராபர்ட் பக்மன் என்னும் புற்றுநோய் மருத்துவர் துயரச் செய்தியைத் தெரிவிக்கும் முறை குறித்து 1992-இல் ஒரு நூல் எழுதினார். அவரும் வேறு சில மருத்துவர்களும் சேர்ந்து 2000-இல் அதை ஆறு படிகளாக அமைத்து வெளியிட்டனர். இன்று பல நாடுகளில் மாணவர்கள் அதைப் பயில்கின்றனர். ஆறினையும் ஈண்டு விரிப்பது தேவையில்லை. நம் மனத்தைக் கவர்ந்தது ஒன்று: சொல்வதற்கு முன் இரு முறை கேட்க வேண்டுமாம். "ஐயா, உங்கள் உடம்புக்கு என்னவென்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்பது முதற் கேள்வி. "பரிசோதனையில் தெரிந்ததை விவரமாகச் சொல்லட்டுமா, அல்லது மகனிடம் பேசிக்கொள்ளட்டுமா?" என்பது இரண்டாவது. "எல்லாம் பையனிடமே சொல்லிவிடுங்கள்" என்று ஒருவர் விடையளித்தால் அதுவும் அவர் தாமே எடுத்த முடிவு. அதை மதிக்க வேண்டும். ஆனால் பலர், "அந்த நோய்தானே டாக்டர்?" என்று தாமே முந்திக்கொள்வர். மகன் இத்தனை நாள் காத்துவந்த இரகசியம் அவ்வளவே.

சொற்களிலும் கவனம் வேண்டும். 'கட்டி' என்னும் நம் சொல் வேனற்கட்டிக்கும் பொருந்தும், புற்றுநோய்க்கும் பொருந்தும். மருத்துவர் ஒன்றை எண்ணிக் கூற, கேட்பவர் மற்றொன்றை எண்ணி மகிழ்ந்து வீடு திரும்புவார். 'மெட்டாஸ்டாஸிஸ்' என்றால் எவருக்கும் விளங்காது. "நோய் ஈரலுக்கும் பரவியிருக்கிறது" என்றால் விளங்கும். கூறியபின் மருத்துவர் சற்று வாளாவிருக்க வேண்டும். இஃது எளிதன்று. அந்த மௌனத்தை உடனே மருந்துப் பெயர்களாலும் சிகிச்சைத் தேதிகளாலும் நிரப்பிவிடவே நாக்கு துடிக்கும். இடிவிழுந்தாற்போல் இருப்பவரின் செவியில் அவை ஏறுவதில்லை. ஆதலால், செய்தி கூறிய அன்றே யாவற்றையும் கூறி முடிக்காமல், மறுமுறை வரவேண்டிய நாளைக் குறித்துக் கொடுத்து, அன்று மகனையும் மனைவியையும் உடனிருக்கச் செய்வது நன்று.

"வெளி நோயாளிப் பிரிவின் நெரிசலில் இதற்கெல்லாம் நேரமேது?" என்று மருத்துவர்கள் கேட்கலாம். அந்நெரிசலை நாமும் அறிவோம். அதன் முழுப் பழியையும் அவர்கள் தலையில் சுமத்துவது நீதியன்று. எனினும் 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றை நோக்குங்கள். நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கியதும், சராசரியாகப் பதினெட்டு வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். தடையின்றிப் பேசவிடப்பட்டோரில் ஒருவர்கூட இரண்டரை நிமிடத்திற்கு மேல் பேசவில்லையாம்! நம் நாட்டில் 2019-இல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முதற்கொண்டு, நோயாளியிடம் பேசும் முறை பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. தாமதமாயினும் வரவேற்கத்தக்கதே.

மருத்துவர் கூறவே கூடாத வாக்கியம் ஒன்றுண்டு: "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை." 'டாக்டர் கைவிரித்துவிட்டார்' என்று நம் மக்கள் கூறுவது இதைத்தான். நோயைக் குணமாக்க இயலாதபோதும் வலியைத் தணிக்க இயலும். கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்புப் பணி, பின்னர் அம்மாநிலமெங்கும் தன்னார்வத் தொண்டர்கள் வீடு தேடிச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. கடும் வலிக்கு மார்ஃபின் கிடைப்பதிலிருந்த சட்டத் தடைகளும் 2014-இல் தளர்த்தப்பட்டன. "நோயை நீக்க முடியாது; ஆனால் வலியில்லாமல் பார்த்துக்கொள்ள முயல்வோம், இறுதிவரை நான் உங்களைப் பார்ப்பேன்" என்று கூற ஒவ்வொரு மருத்துவருக்கும் வழியுண்டு.

நம் இல்லங்களுக்கும் ஒரு சொல். பங்குக் குருவை வீட்டிற்கு அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று கடைசி மூச்சு வரை அழையாதிருக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழம் பெயர் விளைத்த அச்சம் அது. நோயில் பூசுதல் என்பதே பொருத்தமான பெயர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே அறிவித்துவிட்டது. உண்மையை மறைக்கும் வீட்டில் குரு மட்டுமா வாசலில் நிற்கிறார்? பத்தாண்டுகளாகப் பேசாதிருக்கும் தம்பியை அழைத்துவரச் சொல்ல நோயாளிக்கு மனமிருக்கும். எவருக்கோ கொடுத்த கடனைப் பற்றிக் கூறவேண்டியிருக்கும். இளைய மகளின் திருமணத்திற்கென்று ஒதுக்கிய நகை எங்கே இருக்கிறதென்று மனைவியிடம் சொல்லவேண்டியிருக்கும். "உங்களுக்கு ஒன்றுமில்லை, சீக்கிரம் எழுந்துவிடுவீர்கள்" என்று அனைவரும் கூறிக்கொண்டிருக்கையில், இவற்றையெல்லாம் அவர் எவரிடம் எப்படித் தொடங்குவார்?