மருந்தைத் தேடும் முன் மணிலாவைக் காய வையுங்கள்

‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்ற சொல் இப்போது விழுப்புரம் கடைவீதி வரை வந்துவிட்டது. செக்கு எண்ணெய்ப் புட்டி, கடலை மிட்டாய் உறை, சத்து மாத்திரை டப்பா என எங்கும் அந்தச் சொல்தான். மணிலாவில் அது நிறைய இருக்கிறது, தினம் ஒரு கைப்பிடி தின்றால் புற்றுநோயே வராது என்று கைபேசியில் செய்திகள் சுற்றுகின்றன. மணிலா பயிரிடும் நமக்கு இது கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. பயிருக்குப் பெயர் கிடைத்தால் விலையும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அந்தச் செய்திகள் சொல்லாமல் விடும் ஒன்று நம் களத்திலேயே கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்ப்போம். கடலை எண்ணெயைத் திறந்து வைத்தால் சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கிறது. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் கொழுப்பைத் தாக்குவதால் வரும் வாடை அது. நல்லெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. எள்ளில் உள்ள செசமின், செசமோலின் போன்ற பொருள்களும், செசமோலினிலிருந்து உண்டாகும் செசமோலும் சேர்ந்து அந்தத் தாக்குதலைத் தடுத்துவிடுகின்றன. இப்படித் தடுக்கும் பொருள்களுக்குத்தான் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று பெயர். நம் உடலிலும் மூச்சு விடும்போதும், உணவு செரிக்கும்போதும், புகை பிடிக்கும்போதும் இதே மாதிரித் தாக்குதல் நடக்கிறது. அதைச் சமாளிக்க உடல் தானே சில பொருள்களைத் தயாரித்துக்கொள்கிறது. மீதியைக் காய்கறி, கீரை, பழம், பருப்பு, எண்ணெய் வித்துகளிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் அந்தப் பொருளை மட்டும் பிரித்து மாத்திரையாக விழுங்கினால் என்ன? உலகமே ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தது. பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் இ-யையும் மாத்திரைகளாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகமே திகைத்தது. பீட்டா கரோட்டின் விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் நடந்த இதே போன்ற இன்னொரு சோதனையைக் கேடு தெரிந்ததும் 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். சீனாவின் லின்சியான் பகுதியில் மட்டும் பலன் தெரிந்தது. அங்கே சாப்பாட்டிலேயே சத்துக் குறைந்திருந்தது. குறைந்த இடத்தில் கொடுத்ததைப் பயிர் எடுத்துக்கொள்ளும், நிறைந்த வயலில் கொட்டிய யூரியா கெடுக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே, ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை விற்பவர் யாரும் உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உணவாகச் சாப்பிடுவதில் கதை வேறு. அமெரிக்காவிலும் ஷாங்காயிலும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2015-ல் வெளியான ஆய்வில், நிலக்கடலையும் மற்றக் கொட்டைப் பருப்புகளும் அதிகம் சாப்பிட்டவர்களிடையே, முக்கியமாக இதய நோயால், இறப்பு குறைவாக இருந்தது. இது கவனித்துப் பார்த்த கணக்குத்தான். கடலையால் மட்டுமே வந்த பலன் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 25 கிராம் புரதம், 8 மில்லிகிராம் வைட்டமின் இ, நல்ல கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. நாம் ஊதித் தள்ளும் சிவப்புத் தோலில்தான் துவர்ப்புப் பொருள்கள் அதிகம். ஓட்டோடு அவிக்கும்போது தோலிலும் ஓட்டிலும் உள்ளவை ஓரளவு பருப்புக்குள் இறங்குகின்றன. திண்டிவனம் சாலையோரம் அவித்த மல்லாட்டைக்கு வண்டியை நிறுத்துகிறவர்கள் (நானும் அவர்களில் ஒருவன்தான்) தெரியாமலே நல்ல காரியம் செய்கிறார்கள்.

விளம்பரங்கள் அதிகம் பேசுவது ரெஸ்வெராட்ரால் என்ற பொருளைப் பற்றி. அது திராட்சைத் தோலிலும் இருக்கிறது, மணிலாவிலும் இருக்கிறது. ஆனால் ஒரு கைப்பிடிக் கடலையில் இருப்பது ஒரு மில்லிகிராமுக்கும் வெகு குறைவு. சோதனைகளில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கொடுக்கிறார்கள். அதைக் காட்டி மணிலாவை விற்பது நேர்மையாகாது.

எனக்கு அந்தப் பொருளில் அக்கறை உண்டு. காரணம் வேறு. மணிலாச் செடி அதை நமக்காகத் தயாரிக்கவில்லை. மண்ணில் உள்ள பூஞ்சாணம் காயைத் தாக்கும்போது பருப்பு தன்னைக் காத்துக்கொள்ள ரெஸ்வெராட்ராலையும் அதன் இனத்துப் பொருள்களையும் சுரக்கிறது. சுரப்பதற்குப் பருப்பில் ஈரம் வேண்டும். அறுவடைக்கு முந்தைய மூன்று முதல் ஆறு வாரங்களில் கிணறு வற்றி, மண் சூடேறி, பருப்பு மண்ணுக்குள்ளேயே வாடினால் இந்தச் சுரப்பு நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சாணம் உள்ளே நுழைகிறது. அது விடும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின்.

இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்ததே மணிலாவால்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த நஞ்சுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 100-க்கும் மேற்பட்டோர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். ஒரே வேளையில் கொல்லும் அளவு அபூர்வம். சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உடலில் சேர்வதுதான் பெரிய ஆபத்து. கல்லீரல் அதைச் செரிக்க முயலும்போது உண்டாகும் பொருள் நம் மரபணுவிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பை இது பல மடங்கு கூட்டுகிறது. வறுத்தாலும் அவித்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது. நேரடியாகச் சாப்பிடும் கடலையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஒரு டன்னுக்குப் பத்தே மில்லிகிராம். ஒரு அரிசி மணியின் எடைகூட வராது. ஐரோப்பா 4 மைக்ரோகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

புற்றுநோயைத் தடுக்கும் என்று சொல்லி விற்கிற அதே பருப்பில் புற்றுநோயை உண்டாக்குகிற பொருளும் இருக்க முடியும் என்றால், எது மிஞ்சும் என்பதை வயலின் கடைசி மாதமும் களத்தின் முதல் வாரமும்தான் முடிவு செய்கின்றன. டி.எம்.வி. என்ற மூன்றெழுத்தில் திண்டிவனத்தின் பெயரே இருக்கிறது. 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 ரகம் இந்த ஊர்ப் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. அந்த ஊர் மணிலா சுத்தத்துக்கும் பெயர் எடுக்க வேண்டாமா?

மார்கழி, தைப் பட்டத்து இறவை மணிலாவுக்கு வறட்சிதான் எதிரி. தண்ணீர் குறைவாக இருந்தால் முன்னால் ஒரு பாய்ச்சலைக் குறைத்தாவது, காய் முற்றும் காலத்துக்கு ஒன்றை மிச்சம் வையுங்கள். விதைத்த 40-45 நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடுங்கள். சுண்ணாம்புச் சத்துக் கிடைத்த காயின் ஓடு கெட்டிப்படும், பூஞ்சாணம் எளிதில் துளைக்காது. களை வெட்டும்போது காயில் அடி படாமல் பாருங்கள். ஆடிப் பட்டத்து மானாவாரிக்கு மழைதான் எதிரி. அறுவடை நேரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். பிடுங்கிய செடியைக் காய் மேலே தெரியும்படி கவிழ்த்துப் போடுங்கள், தார்ப்பாய் தயாராக இருக்கட்டும். நனைந்த காயை அப்படியே குவித்து மூடினால், உள்ளே சூடேறி ஓரிரு நாளில் பூசணம் பிடித்துவிடும். பத்துக் காயை உடைத்துப் பாருங்கள். ஏழெட்டுக் காயின் ஓட்டு உட்புறம் கரும்பழுப்பாக இருந்தால் பிடுங்குங்கள். விலைக்காகப் பிஞ்சில் பிடுங்குவதும், ஆள் கிடைக்காமல் மண்ணிலேயே விட்டுவைப்பதும் கேடுதான்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஓடு உடைக்கும் முன் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இருக்கிறது. பருப்பு உடையாது, கைக்கு எளிது, எடையும் சற்றுக் கூடும். பத்து நாள் வெயிலில் காய வைத்த உழைப்பை ஒரு குடம் தண்ணீரில் கரைத்துவிடும் செயல் இது. பருப்பில் ஈரம் 7 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டைக்குள் பூஞ்சாணம் வளர வழி பிறக்கும். காயைக் குலுக்கினால் சலசலக்க வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். அதுவரை மூட்டை கட்டாதீர்கள். கட்டிய மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டைமேல் அடுக்குங்கள்.

பிறகு பொறுக்குவது. நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. நிறம் மாறியது, சுருங்கியது, பூச்சி துளைத்தது, உடைந்தது என ஒரு சில பருப்பிலேயே பெரும்பகுதி சேர்ந்திருக்கும். பெண்கள் முறத்தில் பொறுக்கித் தள்ளுவது பயனில்லாத வேலை என்று எண்ண வேண்டாம். தள்ளிய சொத்தை எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. மலிவாகச் செக்குக்குப் போனால் நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் வண்டலோடு எண்ணெயிலும் வரும். சுத்திகரிப்பு ஆலையில் அது நீங்கிவிடுகிறது, செக்கு எண்ணெயில் நீங்க வழியில்லை. செக்கு எண்ணெயில் வைட்டமின் இ அதிகம் தங்குகிறது என்று பெருமை பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். வெயில் பட்டால் எண்ணெயில் உள்ள அஃப்ளாடாக்சின் சிதைகிறது என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் நல்ல பருப்பை ஆட்டுவதற்கு ஈடாக அது ஆகாது. புண்ணாக்கு மாட்டுக்குப் போனால் நஞ்சு உருமாறிப் பாலில் வரும். அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தை. பூசணம் பிடித்த கடலையைத் தீவனத்தில் சேர்க்காமல் குழியில் போட்டு மூடுங்கள்.

இவ்வளவும் செய்தால் கூடுதல் விலை உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மார்க்கெட் கமிட்டியில் வியாபாரி ஒரு கை அள்ளி, ஓட்டை உடைத்து, பருப்பின் திரட்சியும் நிறமும் பார்த்து விலை வைக்கிறார். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. நன்றாகக் காய வைத்தவருக்கு எடைதான் குறைகிறது. விழுப்புரம், திண்டிவனம் கமிட்டிகளில் ஒவ்வொரு குவியலுக்கும் ஈரமானியில் அளவு பார்த்து, அதை ஏலப் பலகையில் விலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். காய்ந்த சரக்குக்கு எவ்வளவு கூடுதல் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். அறுவடை மாதங்களிலாவது அஃப்ளாடாக்சின் பரிசோதனைப் பட்டைகள் கமிட்டியில் இருக்க வேண்டும், பார்ப்பதற்கு ஆள் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் தம் சரக்கைப் பரிசோதித்து, அந்த எண்ணைப் பையில் அச்சிட்டுக் கடலை மிட்டாய்க்காரரிடமும் எண்ணெய்க் கடைக்காரரிடமும் பேரம் பேசலாம். விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு கோரிக்கை: இந்த ஆண்டு வயல் தினக் கூட்டங்களில் ரகத்துக்கும் உரத்துக்கும் ஒதுக்கும் நேரத்தில் அரை மணியைக் களத்துக்கு ஒதுக்குங்கள். ஒரு ஈரமானியைக் கையோடு கொண்டுபோங்கள். விவசாயி தன் காயைத் தானே அளந்து பார்க்கட்டும்.